பிரிட்டனில் டாப்-அப் டிகிரி: வெளிநாட்டு நர்ஸ்கள் காசைக் கரைக்கும் இடங்கள்

விண்ணப்பக் கடைசித் தேதியைத் தவறவிடாதீர்கள், சான்றிதழ்களைத் தெளிவாக ஸ்கேன் செய்யுங்கள் என்பதெல்லாம் யாரும் சொல்லித் தருவார்கள். அதை விட்டுவிடலாம். டிப்ளமோ முடித்து, சொந்த நாட்டில் பதிவும் பெற்று, அந்த டிப்ளமோவை டிகிரியாக்கும் டாப்-அப் படிப்புக்காகப் பிரிட்டன் புறப்படும் நர்ஸ்கள் தொடர்ந்து விழும் பெரிய குழி ஒன்று இருக்கிறது. முதலில் அது.

டாப்-அப் முடித்தால் பின் நம்பர் வரும் என்று நம்புவது

வராது.

பின் நம்பர் என்பது என்.எம்.சி. எனப்படும் நர்சிங் அண்ட் மிட்வைஃபரி கவுன்சிலின் பதிவேட்டில் பெயர் ஏறியதும் கிடைப்பது. அது இல்லாமல் அங்கே பதிவு பெற்ற நர்ஸாக வேலை பார்க்க முடியாது. அந்தப் பதிவேட்டுக்குக் கொண்டுபோய்ச் சேர்க்கும் டிகிரியில் மொத்தம் 4,600 மணி நேரம். அதில் பாதி, அதாவது 2,300 மணி, செய்முறைப் பயிற்சி. டாப்-அப் வேறு ரகம். 120 கிரெடிட், லெவல் 6 (டிகிரியின் கடைசி வருடத் தரம்), ஏற்கெனவே நர்ஸாக இருப்பவரின் டிப்ளமோவை டிகிரியாக உயர்த்தும் ஏட்டுப் படிப்பு. பதிவுக்குக் கணக்கில் வரும் வார்டுப் பயிற்சி அதில் இல்லை. அதனால்தான் அது பதிவுக்கு வழியாகாது.

படிப்பின் பெயரே பெரும்பாலும் காட்டிக்கொடுத்துவிடும். 'நர்சிங் (அடல்ட்)' என்றிருப்பது ஒன்று, 'நர்சிங் ஸ்டடீஸ்', 'இன்டர்நேஷனல் நர்சிங்' என்றிருப்பது இன்னொன்று. சந்தேகம் இருந்தால் என்.எம்.சி. இணையதளத்தில் அங்கீகரிக்கப்பட்ட படிப்புகளின் பட்டியல் இருக்கிறது. தேட ஐந்து நிமிடம் ஆகாது. 'இந்தப் படிப்பு முடித்தால் என்.எம்.சி. பதிவுக்கு விண்ணப்பிக்க முடியுமா?' என்று பல்கலைக்கழகத்துக்கே ஒரு வரி மெயில் போட்டு, பதிலை எழுத்தில் வாங்கி வையுங்கள். 'அங்கே போய்ப் படிச்சா அப்படியே நர்ஸ் ஆயிடலாம்' என்று அரை உண்மையைப் பேசும் ஏஜென்ட்டிடம் மட்டும் இந்தக் கேள்வியைக் கேட்டுப் பயனில்லை. இத்தனை வருடமாக இதே பேச்சு எடுபடுவதுதான் எரிச்சல்.

நம்பிப் போனவர்களின் கதை அநேகமாக ஒரே மாதிரி. ஐ.சி.யூ. அனுபவம் உள்ள நர்ஸ், பத்தாயிரம் பவுனுக்கு மேல் ஃபீஸ் கட்டி, படிப்புக் காலத்தில் வாரம் 20 மணி நேர வரம்புக்குள் முதியோர் இல்லத்தில் கேர் அசிஸ்டென்டாக நிற்கிறார். சில மாதம் கழித்து விஷயம் புரிகிறது. சி.பி.டி. என்ற கணினித் தேர்வு, பத்து ஸ்டேஷன் கொண்ட ஆஸ்கி செய்முறைத் தேர்வு, இரண்டையும் தன் செலவிலேயே எழுத வேண்டும். ஆஸ்கி கட்டணம் மட்டும் 794 பவுன். அதையும் முடித்து ஒரு மருத்துவமனை வேலை தர முன்வந்தால்கூட உடனே விசா மாற்ற முடியாது. 2023 ஜூலை 17 முதல் உள்ள விதிப்படி, புதிய வேலை தொடங்கும் தேதி படிப்பு முடியும் தேதிக்கு முன்னால் இருக்கக் கூடாது. அதுவரை கேர் அசிஸ்டென்ட் சம்பளம்தான்.

இத்தனைக்கும் என்.எம்.சி. பதிவுக்கு டிகிரியே தேவையில்லை. மூன்று வருட டிப்ளமோ நர்ஸும் அதே சி.பி.டி., அதே ஆஸ்கி வழியாகத்தான் போகிறார். பதிவு கிடைத்ததும் டிப்ளமோவோ டிகிரியோ, பிரிட்டனின் அரசு மருத்துவச் சேவையான என்.எச்.எஸ்.ஸில் தொடக்கச் சம்பளப் படிநிலை ஒரே பேண்ட் 5. ஆகவே சொந்த ஊரிலேயே ஆங்கிலத் தேர்வும் சி.பி.டி.யும் முடித்து, ஹெல்த் அண்ட் கேர் வொர்க்கர் விசாவில் வேலைக்குப் போங்கள். பல மருத்துவமனைகள் ஆஸ்கி பயிற்சியும் கட்டணமும் தாங்களே பார்த்துக்கொள்கின்றன. டாப்-அப்பை அதன்பின் பகுதி நேரமாகச் செய்யலாம். அந்த விசாவில் படிக்கத் தடையில்லை. மாஸ்டர்ஸ், ஸ்பெஷலிஸ்ட் பதவி, கற்பித்தல் என்று யோசிக்கும்போது டிகிரிக்கு மதிப்பு வருகிறது.

ஒரே ஆங்கில மதிப்பெண் இரண்டுக்கும் போதும் என்பது

ஐ.இ.எல்.டி.எஸ். மொத்தம் 6.0 அல்லது 6.5 இருந்தால் டாப்-அப்பில் இடம் கொடுக்கும் பல்கலைக்கழகங்கள் உண்டு. என்.எம்.சி. கேட்பது அகாடமிக் பிரிவில் வாசிப்பு, கேட்டல், பேச்சு ஒவ்வொன்றிலும் 7.0, எழுத்தில் 6.5. மருத்துவத் துறையினருக்கான ஆங்கிலத் தேர்வான ஓ.இ.டி. என்றால் மூன்றில் பி, எழுத்தில் சி பிளஸ். ஒரே தடவையில் வராவிட்டால், 12 மாதத்துக்குள் எழுதிய இரண்டு தேர்வுகளின் மதிப்பெண்களைச் சில நிபந்தனைகளோடு சேர்த்துக் காட்டலாம்.

குடும்பத்தோடு போகலாம் என்ற கணக்கு

2024 ஜனவரி முதல் டாப்-அப் மாணவர் பொதுவாகக் குடும்பத்தில் யாரையும் உடன் அழைத்துச் செல்ல முடியாது.

வங்கிக் கணக்கில் கடைசி நேரத்தில் பணம் போடுவது

மாணவர் விசாவுக்குக் காட்டும் பணம் கணக்கில் தொடர்ந்து 28 நாள் இருக்க வேண்டும். நடுவில் ஒரு நாள் குறைந்தாலும் போச்சு.

'வரி கட்டுகிறேன், உள்நாட்டு ஃபீஸ்தானே?'

இல்லை. வேலை விசாவில் இருப்பவர் இங்கிலாந்தில் பொதுவாக வெளிநாட்டு மாணவர் கணக்குதான். நிரந்தரக் குடியிருப்பும், படிப்புக்கு முந்தைய மூன்று வருட வாசமும் பார்ப்பார்கள்.

வார்டு ரிப்போர்ட் போல அசைன்மென்ட் எழுதுவது

அனுபவமுள்ள நர்ஸ்கள் மதிப்பெண் இழப்பது இங்கே. 'அழுத்தப் புண் வராமலிருக்க இரண்டு மணிக்கு ஒரு முறை நோயாளியைத் திருப்பிப் படுக்க வைக்க வேண்டும்' என்பது வார்டில் சரியான வாக்கியம். லெவல் 6-இல் அது வெறும் விவரிப்பு. இரண்டு மணி என்பதற்கு ஆதாரம் என்ன, ஆய்வில் எத்தனை பேர், எந்த மெத்தையில் படுத்திருந்தார்கள், நான்கு மணிக்கு ஒரு முறை திருப்பியவர்களுக்குப் புண் அதிகமானதா, வேறு ஆய்வு மாறாகச் சொன்னால் எதை ஏற்கிறீர்கள், ஏன்? இதற்குத்தான் மதிப்பெண். சினால், பப்மெட் என்ற ஆய்வுக் கட்டுரைத் தளங்கள் இரண்டிலும் தேடப் பழகுங்கள். தேடிய சொற்களைக் குறித்து வைத்தால் டிசர்டேஷனில், அதாவது படிப்பின் இறுதி ஆய்வேட்டில், தேடல் முறையை எழுத அதுவே கைகொடுக்கும்.

நேரக் கணக்கையும் போட்டுவிடுங்கள். ஒரு கிரெடிட்டுக்குப் பத்து மணி உழைப்பு என்பது வழக்கம். 120 கிரெடிட் 1,200 மணி. இரண்டு வருடம் பகுதி நேரமாகப் படித்தால் வாரம் பதினொன்றரை மணிக்குக் குறையாது, அதுவும் விடுமுறையே எடுக்காமல். பன்னிரண்டு மணி நேர ஷிஃப்ட் முடிந்து வந்த இரவில் அதில் அரை மணி நேரம்கூட ஓடாது. ரோஸ்டர் போடும்போதே வாரத்தில் ஒரு முழு நாளைப் படிப்புக்கென்று கேட்டு வாங்குங்கள்.