மறுத்தவர் யார், மறுக்கப்பட்டது யாருக்கு: ஆங்கிலத்தில் சறுக்கும் இடங்கள்

‘எனக்கு விசா மறுக்கப்பட்டது.’ தமிழில் இதை யாரும் தப்பாகச் சொல்வதில்லை. ஆங்கிலத்தில் எழுதும்போதுதான் ‘ஃபார் மீ விசா வாஸ் டினைட்’, ‘ஐ டினைட் விசா’, ‘ஐ வாஸ் ரிஜெக்டட் த விசா’ என்று விதவிதமாக வருகிறது. மூன்றுமே தவறு. இரண்டாவதில் பொருளே தலைகீழாகிவிடுகிறது; படிப்பவருக்கு, விசாவை மறுத்தவரே நீங்கள்தான்.

சரியான வாக்கியம்: ‘ஐ வாஸ் டினைட் எ விசா.’ தமிழில் மறுப்புக்கு ஆளானவர் நான்காம் வேற்றுமையில், ‘-க்கு’ ஏற்று நிற்பார். மறுக்கப்பட்ட பொருள் எழுவாயாக இருக்கும். ஆங்கிலத்தில் ‘டினை’, ‘ரெஃப்யூஸ்’ இரண்டும் ‘கிவ்’ போல இரண்டு செயப்படுபொருள்களை ஏற்கும் வினைகள்: யாருக்கு, எதை. செயப்பாட்டு வினையாக மாற்றும்போது அந்த ‘யாருக்கு’ முன்னால் வந்து எழுவாயாகிவிடும். ‘எதை’ வினைக்குப் பின்னால் அப்படியே நிற்கும். நடுவில் ‘ஃபார்’, ‘டு’ எதுவும் வராது. ‘அவருக்கு ஜாமீன் மறுக்கப்பட்டது’ என்றால் ‘ஹி வாஸ் டினைட் பெயில்’. ‘அவளுக்குப் பதவி உயர்வு மறுக்கப்பட்டது’ என்றால் ‘ஷி வாஸ் ரெஃப்யூஸ்ட் எ பிரமோஷன்’. (இதே குழப்பம் எதிர்த்திசையிலும் நடக்கிறது. செய்திகளில் ‘அவர் அனுமதி மறுக்கப்பட்டார்’ என்று வருவது ஆங்கில அமைப்பைத் தமிழில் இறக்கியது. ‘அவருக்கு அனுமதி மறுக்கப்பட்டது’ என்பதே தமிழ்.)

‘ரிஜெக்ட்’ இந்தக் கூட்டத்தில் சேராது. அது ஒரே ஒரு செயப்படுபொருளைத்தான் ஏற்கும். ஆகவே ‘மை அப்ளிகேஷன் வாஸ் ரிஜெக்டட்’ சரி; ‘ஐ வாஸ் ரிஜெக்டட் த லோன்’ தவறு. ஆளை முன்னால் வைத்துத்தான் சொல்ல வேண்டுமென்றால் ‘ஐ வாஸ் டர்ன்ட் டவுன் ஃபார் த லோன்’ என்று எழுதலாம். கடையில் கார்டு வேலை செய்யாதபோது ‘மை கார்டு வாஸ் டிக்ளைன்ட்’. அந்த இடத்தில் ‘ரெஃப்யூஸ்ட்’ என்றாலும் புரியும், ஆனால் வழக்கில் உள்ள சொல் ‘டிக்ளைன்ட்’தான்.

அடுத்த சறுக்கல், வினைக்குப் பின்னால் என்ன வரலாம் என்பதில். ‘ஐ வாஸ் டினைட் டு என்டர்’ என்பது தவறு. இந்தச் செயப்பாட்டு அமைப்புக்குப் பின்னால் பெயர்ச்சொல்தான் வரும்: ‘ஐ வாஸ் டினைட் என்ட்ரி.’ விமானத்தில் ஏற்றாமல் நிறுத்திவிட்டால் ‘ஐ வாஸ் டினைட் போர்டிங்’. விமான நிறுவனங்களின் விதிகளிலும் ‘டினைட் போர்டிங்’ என்றே இருக்கும் என்பதால் புகாரிலும் அதே சொல்லைப் போடுவது நல்லது. வினையைச் சொல்லியே ஆக வேண்டுமென்றால் ‘ஐ வாஸ் நாட் அலவ்ட் டு என்டர்’ அல்லது ‘ஐ வாஸ் ரெஃப்யூஸ்ட் பெர்மிஷன் டு என்டர்’. ‘அலவ்’ இருந்த இடத்தில் ‘லெட்’டைப் போட்டு ‘ஐ வாஸ் நாட் லெட் டு கோ’ என்று எழுதாதீர்கள்; இந்தப் பொருளில் ‘லெட்’டைச் செயப்பாட்டு வினையாக்கும் வழக்கமில்லை. தடுக்கப்பட்ட என்ற பொருளில் ‘புரொஹிபிடட்’, ‘பார்ட்’ வந்தால் ‘ஃப்ரம்’ கூடவே வரும்: ‘விசிட்டர்ஸ் ஆர் புரொஹிபிடட் ஃப்ரம் என்டரிங்.’ ‘ஃபர்பிடன்’ மட்டும் ‘டு’ ஏற்கும்.

இவ்வளவுக்கும் வேர் ‘மறு’ என்ற நம் ஒற்றைச் சொல்தான். ‘பணம் வாங்க மறுத்தார்’, ‘பணம் வாங்கியதை மறுத்தார்’. இரண்டுக்கும் இடையே எவ்வளவு தூரம்! முதலாமவர் கை நீட்டாதவர். இரண்டாமவர் குற்றச்சாட்டுக்கு ஆளானவர். ‘வாங்க’, ‘வர’, ‘தர’ போன்ற செயவெனெச்சத்தோடு ‘மறு’ வந்தால் ‘ரெஃப்யூஸ்ட் டு’. ‘வாங்கியதை’, ‘வந்ததை’, ‘என்பதை’ வந்தால் ‘டினைட்’. ‘ஹி டினைட் டு கம்’ என்று ஒரு வாக்கியம் ஆங்கிலத்தில் இல்லை. குற்றச்சாட்டைச் செயப்பாட்டில் சொல்லும்போதும் ‘த சார்ஜ் வாஸ் டினைட்’தான், ‘ரெஃப்யூஸ்ட்’ அல்ல.

இந்த இரு வினைகளுக்குள்ளும் எதிர்மறை ஏற்கெனவே ஒளிந்திருக்கிறது. அதனால் ‘அவருக்கு எந்த உதவியும் மறுக்கப்பட்டது’ என்பதற்கு ‘ஹி வாஸ் டினைட் எனி ஹெல்ப்’ என்று ‘எனி’ போட வேண்டும். ‘நோ ஹெல்ப்’ போட்டால் இரண்டு எதிர்மறைகள் மோதி, எல்லா உதவியும் கிடைத்தது என்பதுபோல் ஆகிவிடும்.

படிவங்களில் தப்பினால் விலை அதிகம். அமெரிக்க விசாவுக்கான டிஎஸ்-160 படிவத்தில் ஒரு கேள்வி: ‘ஹாவ் யூ எவர் பீன் ரெஃப்யூஸ்ட் எ யூ.எஸ். விசா, ஆர் பீன் ரெஃப்யூஸ்ட் அட்மிஷன் டு த யுனைடெட் ஸ்டேட்ஸ், ஆர் வித்ட்ரான் யுவர் அப்ளிகேஷன் ஃபார் அட்மிஷன் அட் த போர்ட் ஆஃப் என்ட்ரி?’ முதல் இரண்டில் ‘பீன்’ இருக்கிறது: உங்களுக்கு விசா மறுக்கப்பட்டதா, நுழைவு மறுக்கப்பட்டதா. மூன்றாவதில் ‘பீன்’ இல்லை. அங்கே செய்தவர் நீங்கள்: விண்ணப்பத்தை நீங்களே திரும்பப் பெற்றீர்களா? மூன்றில் ஒன்று நடந்திருந்தாலும் பதில் ‘யெஸ்’. அமெரிக்கக் குடிவரவுச் சட்டத்தின் 221(ஜி) பிரிவில் கூடுதல் ஆவணம் கேட்டு நிறுத்திவைத்ததும் மறுப்பாகவே கணக்கில் வரும். வேண்டுமென்றே மறைத்ததாக அதிகாரி முடிவு செய்தால் அதே சட்டத்தின் 212(ஏ)(6)(சி)(ஐ) பிரிவின்படி அமெரிக்காவுக்குள் நுழையும் தகுதியே போய்விடலாம்.

நேர்காணலில் இன்னொரு கண்ணி இருக்கிறது. ‘யூ ஹாவ்ன்ட் பீன் ரெஃப்யூஸ்ட் எ விசா, ஹாவ் யூ?’ என்று அதிகாரி கேட்கிறார். ‘ஆமாம், மறுக்கப்படவில்லை’ என்று மனம் சொல்ல, வாய் ‘யெஸ்’ என்கிறது. அவர் காதில் விழுவது ‘மறுக்கப்பட்டது’. நடந்ததை வைத்துத்தான் ஆங்கிலத்தில் பதில். கேள்வியின் வடிவத்தை வைத்து அல்ல. மறுப்பு நடக்கவில்லையா? ‘நோ, ஐ ஹாவ்ன்ட்’ என்று வாக்கியமாகவே சொல்லுங்கள்.

நாம் மறுத்து எழுதும்போதும் காலத்தைக் கவனிக்க வேண்டும். ‘யுவர் ரிக்வெஸ்ட் ஹாஸ் நாட் பீன் அப்ரூவ்ட்’ என்று எழுதினால், இன்னும் பரிசீலனையில் இருக்கிறதோ என்று காத்திருப்பார்கள். முடிவு சொல்வதாக இருந்தால் ‘வாஸ் நாட் அப்ரூவ்ட்’. விதியே இடம் தரவில்லை என்றால் ‘கேனாட் பி அப்ரூவ்ட்’. அதேபோல் ‘அசல் சான்றிதழ்களை இணைக்க வேண்டாம்’ என்ற தமிழ் வரி, தேவையில்லை, கூடாது என்ற இரண்டு பொருளும் தரும். ஆங்கிலத்தில் ‘நீட் நாட் பி அட்டாச்ட்’ என்றால் தேவையில்லை, இணைத்தாலும் தப்பில்லை. ‘மஸ்ட் நாட் பி அட்டாச்ட்’ என்றால் கண்டிப்பாகக் கூடாது.

தகவல் அறியும் உரிமைச் சட்டம் 2005இன் 7(2) பிரிவு, உரிய காலத்துக்குள் பதில் தராத அதிகாரி கோரிக்கையை மறுத்ததாகவே கருதப்படுவார் என்கிறது. பொதுவாக அந்தக் காலம் 30 நாள். மேல்முறையீட்டில் அதிகாரியை எழுவாயாக வைத்தால் ‘இஸ் டீம்ட் டு ஹாவ் ரெஃப்யூஸ்ட் மை ரிக்வெஸ்ட்’. கோரிக்கையை எழுவாயாக வைத்தால் ‘இஸ் டீம்ட் டு ஹாவ் பீன் ரெஃப்யூஸ்ட்’. பலரும் அந்த ‘பீன்’னை விட்டுவிடுகிறார்கள். புகார்க் கடிதத்தில் ‘ஐ வாஸ் டினைட் சர்வீஸ்’ என்று மட்டும் எழுதி நிறுத்துவதும் குறைதான். செயப்பாட்டு வினை செய்தவரை மறைத்துவிடும். ‘பை த ஸ்டாஃப் அட் கவுன்டர் 4’ என்று யார், எங்கே என்பதைச் சேர்த்தால்தான் விசாரிக்க முடியும்.

மறுப்பை மிக நுணுக்கமாக எழுத வேண்டிய இடம் நீதிமன்றம். ஒரு வழக்கில், பிரதிவாதி 50,000 ரூபாய் வாங்கினார் என்பது வாதியின் குற்றச்சாட்டு என்று வைத்துக்கொள்வோம். எதிர்வுரையில், அதாவது பிரதிவாதி தரும் எழுத்துப் பதிலில், ‘இட் இஸ் டினைட் தட் த டிஃபெண்டன்ட் ரிசீவ்ட் 50,000 ருபீஸ்’ என்று எழுதினால் போதுமா? போதாது. 49,000 வாங்கியிருந்தாலும் அந்த வாக்கியம் பொய்யாகாது. 1908ஆம் ஆண்டின் உரிமையியல் நடைமுறைச் சட்டம், ஆணை 8, விதி 4 இதையே நழுவலான மறுப்பு என்கிறது. அந்தத் தொகையையோ அதில் எந்தப் பகுதியையோ வாங்கவில்லை என்று மறுக்க வேண்டும், இல்லையென்றால் எவ்வளவு வாங்கினார் என்று சொல்ல வேண்டும். எனவே தொகைக்குப் பின்னால் ‘ஆர் எனி பார்ட் தேர்ஆஃப்’ என்ற நான்கு சொற்கள் கட்டாயம் வர வேண்டும். விதி 5இன்படி குறிப்பாக மறுக்கப்படாத குற்றச்சாட்டு ஒப்புக்கொள்ளப்பட்டதாகக் கருதப்படும் என்பதால், ‘ஆல் அலிகேஷன்ஸ் ஆர் டினைட்’ என்று ஒரே வரியில் முடிக்காமல், பத்தி எண்ணைப் போட்டு ஒவ்வொன்றாக மறுக்க வேண்டும்.