தொட்டால்தான் அடங்கும்: டயகாம்மா எறும்புக் கூட்டில் ஒரு வலைச் சோதனை

டயகாம்மா எறும்புகளுக்குத் தனி ராணி கிடையாது. வேலைக்கார எறும்புகளில் ஒன்று மட்டும் ஆணுடன் கூடி முட்டையிடும். அதை கேமர்கேட் என்பார்கள். கூட்டுப்புழுவிலிருந்து வெளிவரும் ஒவ்வொரு பெண் எறும்புக்கும் மார்பின் இருபுறமும் ஜெம்மா என்ற சிறு மொட்டு இருக்கும். கேமர்கேட் அதைக் கடித்துப் பிய்த்துவிடும். மொட்டு போன எறும்பு இனி ஆணுடன் கூடாது. சூலகமோ அப்படியே இருக்கிறது. கருவுறாத முட்டையிட்டு ஆண்களைப் பெற அதனால் முடியும். ஆனாலும் இடுவதில்லை. கேமர்கேட் கூட்டைச் சுற்றிவந்து நேரில் தொடுவதே காரணம் என்று ஒகினாவா இனத்தில் செய்து 1999-இல் வெளியான ஆய்வு காட்டியது. தென்னிந்தியாவிலும் இலங்கையிலும் வாழும் டயகாம்மா இண்டிகத்திலும் இதைச் சோதித்துப் பார்க்கலாம்.

ஒரு பிளாஸ்டிக் பெட்டியில் 1 செ.மீ. உயரத்துக்கு பிளாஸ்டர் ஆஃப் பாரிஸ் ஊற்றிக் காயவிடுங்கள். நடுவே இரண்டு கம்பிவலைகளை 2 செ.மீ. இடைவெளி விட்டு நிறுத்துங்கள். ஒற்றை வலை உதவாது, கண்ணிகள் வழியே உணர்கொம்பை நீட்டித் தொட்டுக்கொள்ளும். இரட்டை வலையில் வாசம் போகும், தொடுகை போகாது. சோதனையின் உயிரே அந்த இடைவெளிதான்.

கேமர்கேட்டை உருப்பெருக்கியில், ஜெம்மா பிய்க்கப்படாமல் இருப்பதைப் பார்த்து அடையாளம் காணுங்கள். இடுக்கியால் மார்பைப் பிடிக்காதீர்கள். ஜெம்மா அறுந்தால் அதன் நடத்தையே மாறிவிடும். கொட்டினால் கடுக்கும், கையுறை அவசியம். மற்றவற்றின் முதுகில் வண்ணப் புள்ளி வைத்து, இருபக்கமும் சம எண்ணிக்கையில் பிரித்து, ஒரு பக்கம் மட்டும் கேமர்கேட்டை விடுங்கள். பிளாஸ்டரை ஈரமாக வையுங்கள், நீர் தேங்கினால் பூஞ்சை பிடிக்கும். உணவுக்குச் சிள்வண்டு போதும்.

பலரும் தவறுவது கூட்டுப்புழுக்களில். கேமர்கேட் இல்லாத பக்கத்தில் அவற்றை விட்டுவைத்தால், புதிதாக வரும் எறும்பின் மொட்டைப் பிய்க்க ஆளிருக்காது. அது புதுத் தலைவியாகிவிடும், சோதனை கெடும். எல்லாவற்றையும் எடுத்துவிடுங்கள்.

ஒரு மாதம், தினமும் ஒரே நேரத்தில் அரைமணி பாருங்கள். தொடுகை இழந்த பக்கத்தில் கடித்து உலுக்குவதும், உணர்கொம்பால் அடிப்பதும் தொடங்கும். எது எதைக் கடித்தது என்று வண்ணத்தை வைத்துக் குறியுங்கள். முட்டை தென்படவில்லை என்பதால் இடவில்லை என்று முடிவுகட்டாதீர்கள், உடனிருப்பவை தின்றிருக்கலாம். சந்தேகமிருந்தால் ஓரிரண்டைக் கீறி சூலகத்தைப் பாருங்கள்.

கடைசியில் வலையை எடுங்கள். சூலகம் வளர்ந்த எறும்புகளை கேமர்கேட்டும் மறுபக்கத்து வேலைக்கார எறும்புகளும் தாக்கும். முதலில் சிக்குவது எந்த நிறம் என்று உங்கள் குறிப்போடு ஒப்பிடுங்கள்.