எஸ் இருந்த இடத்தில் ஜெ ஒமேகா: பரிமாற்றச் சார்பிலிருந்து அதிர்வெண் துலங்கல்

டர்பன், சாட்ஸ்வொர்த் பக்கம் கோயில் பஜனைக்கு மைக்கும் மிக்ஸரும் கட்டித் தரும் பிள்ளைகளுக்கு ஸ்பீக்கரின் 'ம்ம்ம்' இரைச்சல் நன்றாகத் தெரியும். தென்னாப்பிரிக்க மின்சாரம் 230 வோல்ட், 50 ஹெர்ட்ஸ். அந்த 50-உம் அதன் இரட்டிப்பான 100-உம்தான் பெரும்பாலும் அப்படிக் கேட்கின்றன. முதலில் கேபிளையும் இணைப்புகளையும் சோதியுங்கள். எர்த் கம்பியை மட்டும் கழற்றவே கூடாது, அது உயிரைக் காப்பது. அதன் பிறகும் இரைச்சல் மிஞ்சினால், சிறிய வடிகட்டி ஒன்றைக் கணக்குப் போட்டே செய்யலாம்.

படி 1: சிக்னல் வரும் வழியில் 100 நானோ ஃபாரட் கெப்பாசிட்டர். அதன் மறுமுனையிலிருந்து கிரவுண்டுக்கு 10 கிலோ ஓம் ரெசிஸ்டர். வெளியீட்டை ரெசிஸ்டரின் குறுக்கே எடுங்கள்.

படி 2: வெளியீட்டை உள்ளீட்டால் வகுத்தால் வருவது பரிமாற்றச் சார்பு:

எஸ்·ஆர்·சி ÷ (1 + எஸ்·ஆர்·சி)

ஆர் ரெசிஸ்டரின் மதிப்பு, சி கெப்பாசிட்டரின் மதிப்பு. எஸ் என்ன என்பது அடுத்த படியில். ஆர்·சி இங்கே 0.001 விநாடி.

படி 3: இதுதான் முக்கியமான இடம், நிதானமாகப் படியுங்கள். எஸ் என்பது ஒரு கலப்பெண், அதாவது மெய்ப்பகுதியும் கற்பனைப்பகுதியும் சேர்ந்த எண். அதையே அதிர்வெண் என்று எடுத்துக்கொள்ளக் கூடாது. இந்தச் சுற்றுக்குச் சைன் அலை கொடுத்தால், ஆரம்பத் தடுமாற்றம் அடங்கியதும் அதே அதிர்வெண்ணில் சைன் அலைதான் வெளிவரும். உயரமும் கட்டமும் (அலை எவ்வளவு முந்துகிறது அல்லது பிந்துகிறது என்பது) மட்டுமே மாறும். எவ்வளவு மாறும் என்று அறிய, எஸ் இருக்கும் இடத்தில் ஜெ ஒமேகாவைப் போடுங்கள். ஒமேகா என்பது 2 × பை × அதிர்வெண். ஜெ என்பது −1-இன் வர்க்கமூலம். கிடைக்கும் கலப்பெண்ணின் அளவு உயர மாற்றத்தையும், கோணம் கட்ட மாற்றத்தையும் சொல்லும். அதிர்வெண்ணுக்கு அதிர்வெண் இப்படிக் கணக்கிட்டுக்கொண்டே போனால் அதுவே அதிர்வெண் துலங்கல்.

படி 4: ஒமேகா·ஆர்·சி-யை 'க' என்று வைத்தால், அளவு = க ÷ √(1 + க²).

50 ஹெர்ட்ஸ்: க 0.314, அளவு 0.30, கட்டம் சுமார் 73 பாகை முந்தும்
100 ஹெர்ட்ஸ்: 0.53
159 ஹெர்ட்ஸ்: 0.707, 45 பாகை. வெட்டு அதிர்வெண் இதுவே, இதற்குக் கீழே போகப் போக வடிகட்டி சிக்னலை மேலும் குறைக்கும்
1000 ஹெர்ட்ஸ்: 0.99

50 ஹெர்ட்ஸ் மூன்றில் ஒரு பங்குக்கும் கீழே இறங்குகிறது, பாட்டுக் குரலின் தெளிவு நிற்கிறது. மிருதங்கத் தொப்பியின் கனமும் கூடவே குறையும் என்பதால், இதைப் பாடகரின் மைக் வழியில் மட்டும் வைப்பதே என் விருப்பம்.

படி 5: சிக்னல் ஜெனரேட்டரில் இதே அதிர்வெண்களைக் கொடுத்து ஆசிலாஸ்கோப்பில் அளந்து பாருங்கள். பிறகு பாடகரின் மைக் வழியில், மைக் சிக்னல் பெருக்கப்பட்டு லைன் சிக்னலான பிறகு வரும் இடத்தில் சேருங்கள். அடுத்து வரும் மிக்ஸரின் உள்ளீட்டு மின்தடையும் 10 கிலோ ஓம் என்றால், இரண்டும் பக்க இணைப்பாகி ஆர் 5 கிலோ ஓம் ஆகிவிடும். வெட்டு அதிர்வெண் 318 ஹெர்ட்ஸுக்கு ஏறிக் குரல் மெலியும். அப்போது கெப்பாசிட்டரை 200 நானோ ஃபாரட் ஆக்குங்கள், இரண்டு 100-ஐப் பக்க இணைப்பில் போட்டாலே போதும்.