நகைக்கு ஒரு கணக்கு நோட்டு போடறது எப்படிங்க?

நம்ம கொங்குப் பக்கம் நகை ஒரு எடத்துல நிக்காதுங்க, சீர்ல வந்தது, தாய்மாமன் போட்டது, ஒறம்பரை கல்யாணத்துக்கு எரவல் போனதுன்னு சுத்திக்கிட்டே இருக்கும், ஆனா எது எத்தனை பவுனுன்னு கேட்டா வீட்டுப் பெரியவங்க யாராச்சும் ஒருத்தருக்குத்தான் தெரியும். லாக்கர்ல இருக்கு பேங்க் பாத்துக்கும்னு இருந்துராதீங்க. உள்ளார என்ன வச்சீங்கன்னு அவங்களுக்குத் தெரியாது, தீயோ திருட்டோ ஆகி அது அவங்க பொறுப்புன்னே ஆனாலும் வருச வாடகையில 100 மடங்கு வரைக்கும்தான் குடுப்பாங்க, 2022 ஜனவரில இருந்து ரிசர்வ் பேங்க் ரூல் இதான்.

மொதல்ல பகல் வெளிச்சத்துல ஒரு வெள்ளைத் துண்டு விரிச்சு ஒவ்வொண்ணா வச்சு முன்ன பின்ன போட்டோ எடுங்க. கொக்கி, திருகாணி, எங்காச்சும் பத்த வச்ச எடம் இருந்தா அதைக் கிட்டக்க எடுங்க, ஒரே மாதிரி ரெண்டு செயின் இருந்தா அதான் அடையாளம்.

அடுத்து நோட்டோ கூகுள் ஷீட்டோ, ஒவ்வொண்ணுக்கும் நம்பர் போட்டு எழுதோணும். மாதிரிக்கு ஒண்ணு: "7. செவப்புக்கல் ஜிமிக்கி, ஒரு ஜோடி, மொத்தம் 11.420 கிராம், கல்லு போக 10.850, அம்மிச்சி குடுத்தது, எடப்பக்கத் திருகாணி மாத்துனது." இந்தக் கல்லு போக எடைதான் முக்கியமுங்க, விக்கப்போனா கடைக்காரர் அதுக்குத்தான் காசு குடுப்பாரு. பவுனுன்னு மட்டும் எழுதாம கிராம்லயே எழுதுங்க, 8 கிராம் ஒரு பவுன், கணக்கு பொறகு போட்டுக்கலாம். சமையல்கட்டுத் தராசு இதுக்கு ஆவாது, கோயமுத்தூர் பெரிய கடை வீதியோ ஈரோடோ வழக்கமா போற கடையில எடை போட்டுக் கேளுங்க. பழைய வளையல்ல உள்ள அரக்கு இருந்தா "அரக்கு உண்டு"ன்னு எழுதிருங்க, இல்லாட்டி எடை ஏமாத்திரும்.

அப்பறம் ஹால்மார்க். தரம் பாக்கற அரசாங்க அமைப்பான பிஐஎஸ் முத்திரை, 22 கேரட்னா 916, கூடவே ஆறு எழுத்து ஹெச்யுஐடி, அதாவது அந்த ஒரு நகைக்குன்னே இருக்கற அடையாள நம்பர், இது வளையல்னா உள்பக்கம், செயின்னா கொக்கிகிட்ட பொடிசா இருக்கும், போன் கேமராவ ஜூம் பண்ணித்தான் படிக்கோணும். அதை பிஐஎஸ் கேர் ஆப்ல போட்டா என்ன நகை, என்ன சுத்தம்னு காட்டும், நீங்க கையில வச்சிருக்கறது வளையலா இருந்து ஆப்ல மோதிரம்னு வந்துச்சுன்னா கடைக்கு ஒரு நடை போங்க. 2023 ஏப்ரல் 1ல இருந்துதான் ஹெச்யுஐடி இல்லாம விக்கக்கூடாதுன்னு வந்துச்சு, அதனால அம்மா காலத்து நகையில இல்லாட்டி பயப்படாதீங்க, 2 கிராமுக்குக் கம்மியான மூக்குத்திக்கும் கட்டாயம் இல்ல.

பில்லு வாங்குன அன்னைக்கே போட்டோ எடுங்க, அந்த வழவழ பேப்பர்ல எழுத்து மறைஞ்சு போயிரும். செய்கூலி, சேதாரம், எந்தப் பழசைப் போட்டு வாங்குனீங்க, எல்லாம் எழுதுங்க. 2001 ஏப்ரல் 1க்கு முந்தி வாங்குனதா இருந்தா வருசத்தையாச்சும் குறிச்சு வைங்க, விக்கும்போது வரிக்கணக்குல அந்த 2001 ஏப்ரல் 1ல இருந்த மதிப்பை எடுத்துக்கலாம். கல்யாணம் ஆன பொம்பளைங்களுக்கு 500 கிராம்தான் லிமிட்டுன்னு வாட்சப்ல சுத்துதே, அது தப்புங்க. வருமான வரி சோதனையில கணக்கு காட்ட முடியாட்டியும் எடுத்துட்டுப் போக மாட்டாங்கங்கற அளவு அது, கல்யாணம் ஆகாத பொண்ணுக்கு 250, ஆம்பளைங்களுக்கு 100. கணக்கு சரியா இருந்தா அதுக்கு மேலயும் வச்சுக்கலாம்.

இதுவரைக்கும் எல்லாரும் செஞ்சிருவாங்க, விட்டுப்போறது அடுத்த பக்கம்தான், என்னைக் கேட்டா நோட்டே அதுக்குத்தான் போடறோம். போக்குவரத்துப் பக்கம்னு தனியா ஒண்ணு போடுங்க: தேதி, நகை நம்பர், எங்க போச்சு, எப்ப வந்துச்சு. நாத்தனார் மக கல்யாணத்துக்கு ஆரம் போனாலும் எழுதோணும், சொசைட்டில அடகு வச்சா சீட்டு நம்பரும் அவங்க போட்ட எடையும் எழுதோணும், ஆசாரிகிட்ட பத்த வைக்கக் குடுத்தா போறப்ப ஒரு எடை வர்றப்ப ஒரு எடை. சொந்தத்துல போய் எழுதறதான்னு கூச்சப்படறவங்க இருக்காங்க, எழுதாம விட்டுத்தானுங்க பேச்சுவார்த்தையே நின்னு போகுது.

நோட்டை லாக்கருக்குள்ளயே வச்சுப் பூட்டிராதீங்க, காப்பி ஒண்ணு நம்பிக்கையான ஆள்கிட்ட இருக்கட்டும், குடும்ப வாட்சப் குரூப்ல மட்டும் போட்ராதீங்க சாமி. கவரிங் நகையையும் கடைசிப் பக்கத்துல போட்டோவோட ஒட்டி வைங்க, இப்ப வர்ற கவரிங்க தங்கத்தோட ஒரே டப்பால போட்டா எது எதுன்னு கண்டுபிடிக்கறது செரமம்.