பழைய பெயின்ட்பால் மார்க்கர் வால்வில் காற்று தாராளமாகப் பாய

டிப்மன் 98, ஸ்பைடர் போன்ற பழைய மார்க்கர்களில் (பெயின்ட்பால் துப்பாக்கிகளில்) கை வைக்கும் முன், குண்டுகளை எடுத்துவிட்டு டேங்கைக் கழற்றுங்கள். உள்ளே தங்கிய காற்றையும் சுட்டு வெளியேற்றுங்கள். கண்களுக்குப் பாதுகாப்புக் கண்ணாடி கட்டாயம்.

வால்வுக்குள் காற்று திரும்பும் இடங்களில் உற்பத்தியின்போது விட்ட பிசிறும் கூர்விளிம்பும் இருக்கும். துளையைப் பெரிதாக்க வேண்டும் என்றே பலர் டிரில்லைத் தூக்குகிறார்கள். பெரும்பாலும் அது தேவையில்லை. 600, பிறகு 1000 எண் உப்புத்தாளால் பிசிறை நீக்கி, விளிம்பை மழுக்கினாலே போதும். கப் சீல் (வால்வை அடைக்கும் சிறு மூடி) வந்து உட்காரும் வளையத்தை மட்டும் தொடவே கூடாது. அதில் ஒரு கீறல் விழுந்தால் காற்று பேரல் (குண்டு வெளிவரும் குழல்) வழியே கசியும். பிறகு வால்வையே மாற்ற வேண்டியதுதான்.

உலோகத்தூளைத் துடைத்தெடுத்து, ஓ-ரிங்குகளுக்கு (காற்றை அடைக்கும் ரப்பர் வளையங்களுக்கு) பெயின்ட்பாலுக்கான எண்ணெய் ஓரிரு சொட்டு விடுங்கள். டபிள்யூடி-40 வேண்டாம், சில ரப்பர்கள் உப்பிவிடும்.

காற்று கூடினால் வேகமும் கூடும். ஆடும் முன் கிரோனோகிராஃபில் (குண்டின் வேகத்தை அளக்கும் கருவியில்) பார்த்து, நொடிக்கு 300 அடிக்குள், களத்தின் வரம்பு அதிலும் குறைவென்றால் அதற்குள், மார்க்கரின் வேகத் திருகைச் சரிசெய்யுங்கள்.