ஐடெம்பியரில் பிளகின் ஏற்றுவதும் இறக்குவதும்: வெப் கன்சோல் வழியாக

ஐடெம்பியர் சர்வரில் கூடுதல் வசதி தரும் ஒரு பிளகின் சேர்க்க சர்வரை நிறுத்த வேண்டியதில்லை, பிரவுசரிலேயே முடித்துவிடலாம். நிறுவனத்தின் கணக்கு, கையிருப்பு, விற்பனை எல்லாவற்றையும் ஒரே இடத்தில் நடத்தும் இந்த ஈஆர்பி மென்பொருள் ஓஎஸ்ஜிஐ என்ற ஜாவா அமைப்பின் மேல் ஓடுகிறது. அதில் ஒவ்வொரு பகுதியும், ஐடெம்பியரின் சொந்தப் பகுதிகள் உட்பட, பண்டில் எனப்படும் ஒரு ஜார் கோப்புதான். நீங்கள் ஏற்றப்போகும் பிளகினும் அப்படித்தான், அதனால்தான் ஓடிக்கொண்டிருக்கும்போதே சேர்க்கவும் கழற்றவும் முடிகிறது. ஏற்றுவது இவ்வளவு சுலபம் என்பதால் இறக்குவதும் அப்படித்தான் இருக்கும் என்று பலர் நம்பிவிடுகிறார்கள். அது சரியில்லை, ஏன் என்று கீழே விளக்கமாகச் சொல்கிறேன்.

முதலில் உள்ளே நுழையும் வழி. ஐடெம்பியரோடு வருவது ஃபெலிக்ஸ் வெப் கன்சோல். சர்வர் முகவரி, வழக்கமான போர்ட் 8443, அதன் பின்னால் ஓஎஸ்ஜிஐ, சிஸ்டம், கன்சோல் என்ற மூன்றையும் சாய்கோட்டால் பிரித்து (/osgi/system/console) அடித்தால் லாகின் கேட்கும். சிஸ்டம் அட்மினிஸ்ட்ரேட்டர் உரிமை உள்ள பயனர், பொதுவாக சூப்பர்யூசர், உள்ளே போகலாம். நிறுவியதும் வரும் கடவுச்சொல் 'சிஸ்டம்' என்பது ஊருக்கே தெரியும், அதை இன்னும் மாற்றவில்லை என்றால் இதைப் படிப்பதை நிறுத்திவிட்டு முதலில் மாற்றுங்கள். இந்தப் பக்கத்துக்குள் வந்தவர் எந்த ஜாவா நிரலையும் உங்கள் சர்வரில் ஓடவிடலாம். அதனால் கடவுச்சொல்லோடு நிற்காமல், சர்வருக்கு முன்னால் நின்று கோரிக்கைகளை வாங்கி அனுப்பும் ப்ராக்ஸியில் இந்தப் பாதையை வெளியுலகுக்கு அடைத்துவிடுவது நல்லது.

அடுத்து பேக்கப். யூட்டில்ஸ் ஃபோல்டரில் டேட்டாபேஸை எக்ஸ்போர்ட் செய்யும் ஸ்கிரிப்ட் தயாராகவே இருக்கிறது, ஓடவிட்டு, கோப்பு உருவாகியிருக்கிறதா என்று கண்ணால் பாருங்கள். அந்த பேக்கப்பை வேறொரு சோதனை சர்வரில் ஏற்றி, பிளகினை அங்கேதான் முதலில் போட வேண்டும். இதில் சலுகையே வேண்டாம்.

இப்போது கன்சோலில் பண்டில்கள் பக்கத்துக்குப் போங்கள். மேலே 'இன்ஸ்டால்/அப்டேட்' பொத்தான் இருக்கும். அழுத்தினால் கோப்பைக் கேட்கும், கூடவே ஏற்றியதும் தொடங்கவா, பேக்கேஜ்களை ரிஃப்ரெஷ் செய்யவா, ஸ்டார்ட் லெவல், அதாவது தொடங்கும் வரிசை எண், என்ன என்றும் கேட்கும். முதல் தடவை 'ஸ்டார்ட்' பெட்டியை டிக் செய்யாதீர்கள். ஏற்றி வைத்துவிட்டு, பட்டியலில் அதன் பெயரைத் தேடி, விவரத்தைத் திறந்து பார்த்துவிட்டு அப்புறம் தொடங்கலாம், அவசரம் ஒன்றும் இல்லை.

அங்கே தெரியும் நிலைதான் எல்லாம். 'இன்ஸ்டால்டு' என்றால் கோப்பு உள்ளே வந்துவிட்டது, அது கேட்கும் மற்ற பண்டில்கள் இன்னும் பொருந்தவில்லை. 'ரிசால்வ்டு' என்றால் கேட்டதெல்லாம் கிடைத்துவிட்டது, இன்னும் ஓடவில்லை. 'ஆக்டிவ்' என்றால் ஓடுகிறது. சில அடிப்படைப் பண்டில்கள் 'ஸ்டார்ட்டிங்' என்றே நிற்பதைப் பார்த்துக் கலங்க வேண்டாம், தேவைப்படும்போது மட்டும் விழித்துக்கொள்ளும்படி எழுதப்பட்டவை அவை.

தொடங்கச் சொன்ன பிறகும் 'இன்ஸ்டால்டு' நிலையிலேயே நின்றால் விவரத்தை விரித்து, 'இம்போர்ட்டட் பேக்கேஜஸ்' பகுதியில் எந்த வரி பொருந்தவில்லை என்று காட்டுகிறது எனப் பாருங்கள். பெரும்பாலும் காரணம் இரண்டில் ஒன்றுதான். பிளகின் வேறொரு ஐடெம்பியர் பதிப்புக்காகக் கட்டப்பட்டிருக்கும், அல்லது அது சார்ந்திருக்கும் இன்னொரு பிளகினை நீங்கள் ஏற்றியிருக்க மாட்டீர்கள். பிழைச் செய்தியில் ஜாவாவின் பெயரோடு 17 மாதிரி ஒரு எண் வந்தால், சர்வரில் இருக்கும் ஜாவா அதைவிடப் பழையது என்று பொருள். இதில் எதையும் 'ஸ்டார்ட்' பொத்தானைத் திரும்பத் திரும்ப அழுத்திச் சரிசெய்ய முடியாது. காரணத்துக்கு ஏற்ப சரியான பதிப்பு ஜாரைத் தேடி எடுப்பதோ, விடுபட்ட பிளகினை ஏற்றுவதோ, ஜாவாவைப் புதுப்பிப்பதோதான் வழி.

சரி, 'ஸ்டார்ட்' அழுத்தும் கணத்தில் என்ன நடக்கிறது? பல பிளகின்களின் ஜாருக்குள்ளே, மெட்டா-இன்ஃப் ஃபோல்டரில், டூபேக் எனப்படும் ஜிப் கோப்பு ஒன்று இருக்கும். பிளகின் தொடங்கியதும் அது தானாகப் பிரிக்கப்பட்டு, புது டேபிள், நெடுவரிசை, விண்டோ, ப்ராசஸ், மெனு எல்லாம் உங்கள் டேட்டாபேஸில் எழுதப்படும். எழுதி முடித்ததா என்பதை லாக் ஃபோல்டரில் உள்ள கோப்பில் பாருங்கள். கன்சோலில் 'ஆக்டிவ்' என்று பச்சையாகத் தெரிவதை மட்டும் வைத்து முடிவு செய்யாதீர்கள்.

இப்போது அதே பிளகினை 'அன்இன்ஸ்டால்' செய்கிறீர்கள் என்று வையுங்கள். ஜார் போய்விடும். டேட்டாபேஸில் எழுதியது ஒன்றுகூடப் போகாது. மெனுவில் அந்த ப்ராசஸ் அப்படியே இருக்கும், பயனர் அதை அழுத்துவார், அதை ஓட்டவேண்டிய ஜாவா கிளாஸ் இல்லாததால் பிழை வரும், பிறகு உங்களுக்கு போன் வரும். ஆகவே ஒரு பிளகினை எடுக்கும்போது சிஸ்டம் ரோலில் (ரோல் என்பது யாருக்கு எது அனுமதி என்று வகுப்பது) நுழைந்து, அது கொண்டுவந்த மெனு, விண்டோ, ப்ராசஸ்களில் 'ஆக்டிவ்' டிக்கை நீங்களே எடுத்துவிட வேண்டும். டேபிளை நீக்கும் ஆசை வேண்டாம், அதற்குள் யாராவது பதிவு போட்டிருக்கலாம். முழுசாகப் பழைய நிலைக்குத் திரும்ப வேண்டும் என்றால் பேக்கப் ஒன்றுதான் வழி, சோதனை சர்வரை அத்தனை அழுத்திச் சொன்னதும் இதனால்தான்.

பிளகின் ஆக்டிவ், லாக்கிலும் பிழை இல்லை, ஆனால் பயனருக்குப் புது விண்டோ தெரியவில்லையா? ரோலுக்கு அனுமதி கிடைத்திருக்காது. 'ரோல் ஆக்சஸ் அப்டேட்' ப்ராசஸை ஓட்டிவிட்டு, பயனரை வெளியேறி மீண்டும் நுழையச் சொல்லுங்கள்.

புதுப் பதிப்பு வந்தால் பழையதை நீக்கத் தேவையில்லை. அதே 'இன்ஸ்டால்/அப்டேட்' பொத்தானில் புது ஜாரைக் கொடுத்தால், உள்ளே உள்ள பண்டில் பெயர் ஒன்றாக இருக்கும்வரை பழையதன் மேலேயே ஏறும். இந்தத் தடவை ரிஃப்ரெஷ் பெட்டியை டிக் செய்யுங்கள், இல்லாவிட்டால் மற்ற பண்டில்கள் பழைய கிளாஸையே பிடித்துக்கொண்டிருக்கும். ரிஃப்ரெஷ் நடக்கும்போது அதைச் சார்ந்தவையும் நின்று தொடங்கும் என்பதால் பயனர்கள் இல்லாத நேரமாகப் பார்த்துச் செய்யுங்கள்.

தீம் பிளகின்கள் வேறு மாதிரி. அவை ஃப்ராக்மென்ட் வகை, வெப் இடைமுகப் பண்டிலோடு ஒட்டிக்கொள்ளும், தனியாக 'ஆக்டிவ்' ஆகவே ஆகாது. அவற்றைப் போட்டபின் சர்வரை ஒரு தடவை ரீஸ்டார்ட் செய்வதுதான் நிம்மதி.

டாக்கரில், அதாவது மென்பொருளைக் கண்டெய்னர் என்ற தனிப் பெட்டிக்குள் வைத்து, ஓட்டுபவர்கள் ஒன்றைக் கவனியுங்கள். கன்சோலில் ஏற்றிய ஜார், சர்வரின் கான்ஃபிகரேஷன் ஃபோல்டருக்குள் இருக்கும் ஓஎஸ்ஜிஐ சேமிப்பில்தான் போய் உட்காருகிறது. கண்டெய்னரைப் புதிதாக உருவாக்கினால் அந்த ஜார் காணாமல் போகும், டேட்டாபேஸ் மட்டும் மிஞ்சும். ஒன்று அந்த ஃபோல்டரை, கண்டெய்னர் போனாலும் நிலைத்திருக்கும் வால்யூமில் வையுங்கள், அல்லது பிளகினை இமேஜிலேயே சேர்த்துக் கட்டுங்கள்.

கடைசியாக, ஒரு பிளகின் வெப் பக்கத்தையே முடக்கிவிட்டால் கன்சோலும் திறக்காமல் போகலாம். ரீஸ்டார்ட் மட்டும் போதாது, தொடங்கிய நிலையை ஓஎஸ்ஜிஐ நினைவில் வைத்திருப்பதால் அதே பிளகின் மறுபடி எழுந்துவரும். சர்வர் இயந்திரத்துக்குள் நுழைந்து, டெல்நெட்டில் லோக்கல்ஹோஸ்ட் 12612 போர்ட்டுக்குப் போங்கள். 'எஸ்எஸ்' (ss) என்று அடித்தால் எல்லா பண்டில்களும் எண்ணோடு வரும், 'ஸ்டாப்' என்று எழுதி அந்த எண்ணைக் கொடுத்தால் நின்றுவிடும். வெளியே வரும்போது 'எக்ஸிட்' அடிக்காதீர்கள், அது சர்வரையே நிறுத்தும் கட்டளை. 'டிஸ்கனெக்ட்' என்று அடியுங்கள்.