பெண்களுக்கான தடுப்புமுறைக் கருத்தடைச் சாதனங்கள்: முதன்முறை பயன்படுத்துவோருக்கு

விந்தணு கருப்பைக்குள் செல்லாமல் வழியிலேயே மறிப்பவை பெண்ணுறை (யோனிக்குள் அணியும், இரு முனையிலும் வளையமுள்ள மெல்லிய உறை), டயாஃப்ரம், கருப்பைவாய் மூடி ஆகியவை. இவற்றில் ஹார்மோன் இல்லாததால், கருத்தடை மாத்திரை ஒத்துக்கொள்ளாத பெண்களும் பயன்படுத்தலாம். ஆனால் ஒவ்வொரு உறவின்போதும் சரியாகப் பொருத்தினால்தான் பலன் உண்டு என்பதால், தேவைப்படும் நாளுக்கு முன்பே தனிமையில் சில முறை பொருத்திப் பழகிக்கொள்ளுமாறு வலியுறுத்துகிறேன்.

எச்.ஐ.வி. போன்ற பால்வினை நோய்களிலிருந்தும் பாதுகாப்பு வேண்டுமெனில் பெண்ணுறையைத் தேர்ந்தெடுங்கள். மற்ற இரண்டையும் அதற்கு நம்ப முடியாது.

பெண்ணுறையை உறவுக்கு 8 மணி நேரம் முன்புவரை அணியலாம். காலாவதித் தேதியைப் பார்த்து, கைகளைக் கழுவி, பாக்கெட்டைக் கையாலேயே பிரியுங்கள். குந்தி அமர்ந்தோ ஒரு காலை உயர்த்தி வைத்தோ, மூடிய முனையிலுள்ள உள்வளையத்தை விரல்களால் அழுத்திக் குறுக்கி யோனிக்குள் செலுத்திய பின், உறைக்குள் ஆள்காட்டி விரலை விட்டு, போகும்வரை மெல்ல உள்ளே தள்ளுங்கள். உறை முறுக்கிக்கொள்ளாமலும், வெளிவளையம் வெளியிலேயும் இருக்க வேண்டும். ஆண்குறி உறைக்குப் பக்கவாட்டில் நுழைந்துவிட்டால் பாதுகாப்பே இல்லை. எனவே தொடக்கத்தில் கையால் வழிகாட்டுவது அவசியம். ஆணுறையைச் சேர்த்து அணியக் கூடாது. முடிந்ததும், எழுந்திருக்கும் முன் வெளிவளையத்தை முறுக்கி வெளியே இழுத்துக் குப்பையில் போடுங்கள். மறுமுறை பயன்படுத்த வேண்டாம்.

டயாஃப்ரம் கழுவி மீண்டும் பயன்படுத்தக்கூடிய, கிண்ணம் போன்ற சாதனம். பல வகைகளுக்கு மருத்துவரோ செவிலியரோ அளவு பார்த்துத் தர வேண்டும். பிரசவத்துக்குப் பின் 6 வாரம் கழித்து அந்த அளவை மறுபடி பார்க்க வேண்டும். விந்தணுக்கொல்லிக் களிம்பைத் தடவி, விளிம்பை மடித்து உள்ளே செலுத்திய பின் விரலால் தடவிப் பாருங்கள். மூக்கு நுனியைப் போல உறுதியாகத் தட்டுப்படும் கருப்பைவாய் முழுதும் அதன் அடியில் மூடப்பட்டிருக்க வேண்டும். இல்லையெனில் எடுத்துவிட்டு மீண்டும் பொருத்துங்கள். உறவுக்குப் பின் குறைந்தது 6 மணி நேரம் உள்ளேயே இருக்கட்டும், ஆனால் மொத்தம் 24 மணி நேரத்தைத் தாண்டக் கூடாது. கருப்பைவாய் மூடியும் இவ்வாறே, அளவில் சிறியது; 48 மணி நேரம்வரை இருக்கலாம்.

விந்தணுக்கொல்லியை அடிக்கடி பயன்படுத்தினால் யோனித் திசு புண்பட்டு எச்.ஐ.வி. தொற்றும் அபாயம் கூடும் என்பதால், அந்த அபாயம் உள்ளவர்கள் டயாஃப்ரம், கருப்பைவாய் மூடி இரண்டையும் தவிர்ப்பது நல்லது. நச்சு அதிர்ச்சி நோய் (பாக்டீரியா நச்சால் வரும் உயிராபத்தான நோய்) முன்பு வந்தவர்களுக்கும் இவை பொருந்தா.

வழக்கமான பயன்பாட்டில், ஓராண்டில் 100 பெண்களில் ஏறக்குறைய 21 பேர் பெண்ணுறையிலும், 17 பேர் டயாஃப்ரத்திலும் கருவுறுகிறார்கள். சாதனம் நழுவினாலோ கிழிந்தாலோ தயங்காமல் அவசர கருத்தடைக்கு மருத்துவரை அணுகுங்கள். 5 நாட்களுக்குள் வழி உண்டு, மாத்திரையாயின் எவ்வளவு விரைவோ அவ்வளவு பலன்.